பத்து மணி என்றால் பத்து மணி

நேரம் விஷயத்தில் நான் ஒரு பொய்க்காரி. இதை ஒளித்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை. தொண்ணூறுகளில் ஹனோவரில் எங்களோடு தமிழ்ப் பூசைக்கு வந்த யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். பூசை நாலு மணிக்கு என்றால் நான் மூன்று மணி என்பேன். பிறந்தநாள் ஆறுக்கு என்றால் ஐந்து. வேறு என்ன செய்வது? எங்கள் சனத்துக்குத் தொலைபேசி எடுத்து எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் "வெளிக்கிட்டிட்டம்" என்பார்கள். பின்னால் குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். ஜேர்மன் பாதர் கோயில் திறப்புக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டியவள் நான். அதனால் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிச் சொல்லப் பழகினேன். சனமும் அதைக் கண்டுபிடித்து ஒரு மணித்தியாலம் பிந்தி வரப் பழகிவிட்டது. பிறகு நான் ஒன்றரை ஆக்கினேன்.

எல்லாரிலும் கெட்டிக்காரன் என் தம்பி. எனக்கு ஐந்து வயது இளையவன், டோர்ட்மண்டில் இருந்தான். அவனுடைய கலியாணப் பதிவு பத்தரைக்கு. நான் ஒன்பது என்று சொல்லிவைத்தேன். மாசி மாதக் குளிரில், புதுக் கோட்டோடு அவனும் கூறைச் சேலையோடு பெண்ணும் பூட்டிய கந்தோர் வாசலில் ஒன்றரை மணித்தியாலம் நின்றார்கள். பெண்ணின் உதடு நீலமாகியிருந்தது. அன்றைக்கு அவன் என்னோடு கோபிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் எந்த நேரம் சொன்னாலும், நான் முன்னுக்குத் தள்ளியதை மனதுக்குள் கழித்துப் பார்த்து, அந்தக் கணக்கில் வந்து சேருவான். பெரும்பாலும் சரியாகவே வருவான். அதுதான் பிறகு வினையானது. அவனையும் அவனுடைய ஒன்பது வயது மகளையும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சேற்றுக்குள் தேட வேண்டி வந்தது அந்தக் கழித்தலால்தான்.

கடலுக்குப் போகும் யோசனை என்னுடையது அல்ல. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று பூசைக்குப் பிறகு கதை வந்தது. மிருகக்காட்சிச்சாலை, பூங்கா என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்ல, யாரோ வடகடல் பக்கம் ஒரு குடா இருக்கிறது, தண்ணீர் வற்றும்போது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடலின் அடியிலேயே நடந்து போகலாம், அதற்கென்று வழிகாட்டி இருக்கிறார் என்றார்கள். சனத்துக்குக் கண் விரிந்துவிட்டது. "அக்கா ஒருக்கா கதைச்சுப் பாருங்கோ" என்று வழக்கம்போல என் தலையில் கட்டினார்கள். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்ததால் என் ஜேர்மன் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் நல்லது. என் வாயும் நீளம் என்று என் கணவர் சேர்த்துச் சொல்வார்.

அந்த வழிகாட்டியோடு முதன்முதல் தொலைபேசியில் பேசியது நன்றாக ஞாபகம். சொற்களைச் சிக்கனமாகச் செலவழிக்கிற மனிதர். எத்தனை பேர் என்று கேட்டார். இருபத்தாறு என்றேன். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை வேண்டாம், இதய வருத்தக்காரர் வேண்டாம், மூன்று மணித்தியாலம் நிற்காமல் நடக்க முடியாதவர் வேண்டாம், கயிறு கட்டிய பழைய சப்பாத்து வேண்டும் என்று அடுக்கினார். மூன்று திகதிகள் தந்தார். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வசதி, பூசைக்குப் பிறகு இரண்டு மணியளவில் தொடங்கலாமா என்று கேட்டேன். நேரத்தை நான் வைப்பதில்லை அம்மணி, கடல் வைக்கிறது என்றார். அவர் பகிடி விடவில்லை.

அவர் விளக்கியதை நான் வேலைக்கான அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். கரைக்குப் பத்து மணிக்கு வர வேண்டும். பத்தேகாலுக்குப் புறப்பாடு. பன்னிரண்டேகால் அளவில் கடல் கடைசியாக வற்றி நிற்கும். அந்த நேரத்தில் நடுவில் ஓடும் பெரிய வாய்க்காலைத் தாண்டியாக வேண்டும். தாண்டினால் ஒன்றேகாலுக்கு அந்தக் கரை. தண்ணீர் திரும்பும்போது முன்னாலிருந்து அலையாக வராது. முதலில் பின்னால் இருக்கும் வாய்க்கால்களை நிரப்பும். நீங்கள் காய்ந்த மணலில் நின்று படம் பிடித்துக்கொண்டிருப்பீர்கள், திரும்பிப் பார்த்தால் கரைக்குப் போகிற வழி இருக்காது என்றார். அன்றைக்கே விட்டிருக்க வேண்டும். ஆனால் சனத்திடம் ஓம் என்று சொல்லியாயிற்று.

அடுத்த மூன்று கிழமையும் எனக்கு நித்திரை சரியில்லை. திகதிக்கு ஒரு சண்டை நடந்தது: ஒன்று மாதா திருநாள் கிழமை, மற்றது ஒருவரின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. மிஞ்சிய சனிக்கிழமையைப் பிடித்தோம். அகதி முகாமில் இருந்த இரண்டு பேருக்கு மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு தரம் வெளிநாட்டவர் கந்தோருக்கு அலைந்தேன். சாப்பாட்டுக்கு இன்னொரு சண்டை. ஒரு அண்ணை, கடலைத் தடுக்கக் கரையில் கட்டியிருந்த அணைக்கட்டின் மேல் அடுப்பு மூட்டி ஆட்டிறைச்சிக் கறி வைப்பதாக ஒற்றைக் காலில் நின்றார். அந்த ஊர்க்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிடுவார்கள் என்று பயம் காட்டி, ரோல்ஸும் பாணும் சீனிச்சம்பலும் என்று முடித்துவைத்தேன். சேலையோடு நடக்கலாமா என்று கேட்ட மனுசியையும் சமாளித்தேன்.

ஆனால் என் நெஞ்சில் கிடந்தது நேரம் ஒன்றுதான். இருபத்தாறு தமிழரைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரே இடத்தில் எப்படி நிறுத்துவது? எட்டரை என்று சொல்வோமா? சொன்னால் பத்துக்கு வருவார்கள் என்பது என் கணக்கு. கணவர் தலையை ஆட்டினார். "நீ எட்டரை எண்டு சொன்னால், இது கடல் விஷயம், ரெண்டு மணித்தியாலம் தள்ளியிருப்பா எண்டு நினைச்சுப் பத்தரைக்கு வருவினம்" என்றார். அவர் சொன்னது சரியாக இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அந்த வாரமே வழிகாட்டியிடமிருந்து கடிதம் வந்தது. ஒரே பக்கம், தட்டச்சு, கீழே பெரிய கையெழுத்து. பத்து மணிக்குக் கூடுதல், பத்தேகாலுக்குப் புறப்பாடு, பிந்தியவர்களுக்குக் காத்திருக்க முடியாது, வழிகாட்டி இல்லாமல் இறங்குவது உயிருக்கு ஆபத்து. அதைப் படியெடுத்துப் பூசை முடிய எல்லார் கையிலும் கொடுத்தேன். ஜேர்மன் கடிதம் என்றால் எங்கள் சனம் தனி மரியாதை வைத்திருக்கும். கந்தோர்க் கடிதங்களோடு அத்தனை வருடம் மாரடித்த பழக்கம். தாளை இரண்டு கையாலும் பிடித்து, திகதியைப் பார்த்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்கள். எந்த நாளும் கடைசியாக வரும் அண்ணைகூட "பத்து எண்டால் பத்துத்தான் போல" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

மிஞ்சியவன் தம்பி. அவன் ஹனோவர்ப் பூசைக்கு வருவதில்லை. அவனுக்கும் ஒரு படியை உறையில் போட்டு முத்திரை ஒட்ட எனக்கு ஐந்து நிமிடம் போதும். உறையை எடுத்தும் வைத்தேன். பிறகு, என் சொந்தத் தம்பிக்கு ஒரு ஜேர்மன்காரரின் கையெழுத்தைக் காட்டித்தான் என் சொல்லை நம்பவைக்க வேண்டுமா என்று வீம்பு வந்தது. தொலைபேசியை எடுத்தேன்.

"சனிக்கிழமை பத்து மணிக்குக் கரையில நிக்கோணும்" என்றேன்.

"ஓம் அக்கா."

"இது உண்மையான பத்து. நான் ஒண்டும் தள்ளேல்லை."

"ஓம், ஓம்."

"தம்பி, பகிடியில்லை. பத்தேகாலுக்கு அந்த மனுசன் வெளிக்கிட்டிடுவார். கடல் நிண்டு பாராது."

"போனமுறை ஞானஸ்நானத்துக்குப் பாதர் நிண்டு பாக்கமாட்டார் எண்டும் இப்பிடித்தான் சொன்னனி" என்று சிரித்தான். "வாறன் அக்கா. பிள்ளை இப்பவே சப்பாத்தைக் கட்டிக்கொண்டு திரியுது. கடல் எங்களுக்குப் புதிசே? பரவைக்கடல்ல இறால் பிடிச்ச ஆக்களுக்கு நீ கடல் படிப்பிக்கிறாய்."

அதில் உண்மை இருந்தது. நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்துப் பரவைக்கடல் கரையில் வளர்ந்தவர்கள். பரவைக்கடல் என்றால் மைல் கணக்காக முழங்கால் ஆழம். காலையில் இறங்கினாலும் பின்னேரம் இறங்கினாலும் அதே முழங்கால்தான். வற்றுவதும் ஏறுவதும் ஒரு சாண் இருக்கும். குழி வந்தால் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். எதிரே ஆள் தெரிந்தால் நேரே அவரை நோக்கி நடந்துவிடலாம். கடல் என்றால் அப்படித்தான் என்று எங்கள் கால்களுக்குப் பழக்கம். இந்தக் கடல் வேறு என்று அவனுக்கு நான் விளக்கமாகச் சொன்னேனா? வாய்க்கால், சேறு, சுற்றுவழி எல்லாம் என் அட்டவணைத் தாளில் இருந்தன. நான் சொன்னது, "இறங்கினால் செத்துப்போவாய்" என்று ஒரு வசனம். அவன் அதற்கும் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவனுக்குத் திரும்ப எடுத்து, "ஒன்பது மணிக்கு மாத்திப் போட்டினம்" என்று சொல்ல ஒரு கணம் மனம் வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் கழித்துப் பார்த்துப் பத்துக்கும் பத்தரைக்கும் இடையில் வந்திருப்பான். எட்டரை என்று சொல்லியிருந்தால் அச்சொட்டாகப் பத்துக்கு வந்திருப்பான். ஆனால் ஒருமுறையாவது நான் சொன்னதை அப்படியே எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஆசையில் பிழை என்ன என்று இன்றைக்கும் சில நேரம் என்னோடு நானே வாதாடுகிறேன்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கெல்லாம் எங்கள் மூன்று வான் வண்டிகளும் அணைக்கட்டின் அடியில் நின்றன. இருபத்து நாலு பேர், பத்து மணிக்கு அரை மணித்தியாலம் முன்னால். எங்கள் சனத்தின் சரித்திரத்தில் அப்படி நடந்ததில்லை. வழிகாட்டி ஏற்கெனவே நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மஞ்சள் மழைக்கோட்டு, கையில் நீளத் தடி, தோளில் கயிற்றுச் சுருள், கழுத்தில் தூரக்கண்ணாடி. என் பட்டியலை வாங்கி ஒவ்வொரு தலையாக எண்ணினார். இரண்டு பேர் குறைகிறது என்றார். வருவார்கள் என்றேன்.

அணைக்கட்டில் ஏறிப் பார்த்தபோது எதிரே கடலே இல்லை. ஈரத் தகரத்தை விரித்தது போல மினுங்கும் நிலம், அதற்கப்பால் கோடு மாதிரி அந்தக் கரை. சனம் சத்தம் போட்டுச் சிரித்துப் படம் பிடித்தது. நான் வீதியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து மணியாயிற்று. பத்தேகாலும் ஆயிற்று. வீதியில் ஒரு உழவு இயந்திரம் போனது. என் கேள்வியை எதிர்பார்த்தவர் போல வழிகாட்டி ஐந்து நிமிடம் என்றார். அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை தரம் மணிக்கூட்டைப் பார்த்தேன் என்று தெரியாது. கையில் தொலைபேசி வைத்துக்கொண்டு திரிகிற காலம் இல்லை அது. தம்பி வீதியில் எங்கே வருகிறான் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நான் நிற்கிறேன், நீங்கள் போங்கள் என்றேன். மொழி தெரிந்த ஒருவர் குழுவில் இல்லாமல் இருபத்து மூன்று பேரைக் கூட்டிப் போக மாட்டேன் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். கணவர் நிற்கலாம் என்றால், மூட்டு வருத்தத்தோடு வந்த ஒரு அக்காவுக்குக் கைகொடுக்க அவர்தான் வேண்டும். அவசரமாக ஒரு துண்டில் எழுதி எங்கள் வானின் முன்கண்ணாடியில் செருகினேன். "போய்விட்டோம். மூன்று மணிக்கு பஸ்ஸில் திரும்பி வருவோம். இங்கேயே நில். கடலில் இறங்காதே, இறங்கினால் சாவு." கடைசி வசனத்தின் கீழ் இரண்டு கோடும் இழுத்தேன்.

நடை தொடங்கியது. நேரே போகவில்லை. கரையோரமாக இடப்பக்கம் நீளத்துக்குப் போய், பிறகு வளைந்து, நடுவில் இருக்கும் மணல் மேட்டில் ஏற வேண்டும். நேர்வழியில் பளபளவென்று கிடந்த இடத்தை வழிகாட்டி தடியால் காட்டி, அது சேறு, அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது என்றார். நான் தமிழில் சொன்னேன். பிள்ளைகள் நத்தைக் கூடு பொறுக்கின. ஒரு அண்ணை தேவாரம் மாதிரி இழுத்து ஒரு ஞானப்பாடலைப் பாடத் தொடங்கினார். எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு ஒவ்வொரு இருபது அடிக்கும் கழுத்து பின்னால் திரும்பியது.

மேட்டில் ஏறி மூச்சு வாங்க நின்றபோது பதினொன்று பத்து இருக்கும். வழிகாட்டி வழக்கமாகச் செய்வதுபோல் தூரக்கண்ணாடியைச் சுற்றிப் பிடித்தார். கரைப் பக்கம் வந்ததும் அவருடைய கை நின்றது. கண்ணாடியை இறக்கவே இல்லை. ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்றார்.

கண்ணாடியைப் பறித்துப் பார்த்தேன். அவனுடைய நடைதான். பிள்ளையின் சிவப்புச் சட்டை தெரிந்தது. அணைக்கட்டிலிருந்து இறங்கி, எங்களைக் கண்டு, நேர்கோட்டில் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். பரவைக்கடலில் எதிரே ஆளைக் கண்டவன் எப்படி நடப்பானோ அப்படியே.

வழிகாட்டி இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸில் பேசினார். மீட்பு ஆட்கள் வந்துசேர நாற்பது நிமிடம் என்று பதில் வந்தது. அவர் கடலின் பக்கம் பார்த்தார், மணியைப் பார்த்தார். பிறகு எங்களிடம், இன்றைக்கு அந்தக் கரை இல்லை, எல்லாரும் வந்த வழியே திரும்புகிறோம், யாரும் வரிசையை விட்டு விலகக் கூடாது என்றார். ஞானப்பாடல் நின்றுவிட்டது. மூன்று கிழமை இதற்காக ஆயத்தம் செய்த சனம், ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. என்னை நேரே பார்க்கவும் இல்லை.

வளைவில் திரும்பி, சேற்றின் ஓரத்துக்கு வந்தபோது தம்பி எங்களுக்கு ஒரு முப்பது மீற்றர் அப்பால் நின்றான். நடக்கவில்லை, நின்றான். முழங்காலுக்கு மேல் புதைந்திருந்தான். பிள்ளை தோளில் இருந்தாள். வழிகாட்டி மற்றவர்களை என் கணவரிடம் விட்டு உறுதியான மணலில் நிறுத்தினார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே என்னிடம், பிள்ளையை உடனே கீழே இறக்கச் சொல்லுங்கள் என்றார். பாரம் கூடக் கூட அவன் ஆழப் போவான். பிள்ளை இலேசானவள், வயிற்றில் படுத்தால் சேறு அவளைத் தாங்கும், தவழ்ந்து வந்துவிடலாம். உங்கள் மொழியில் சொல்லுங்கள், பயந்தவனுக்குத் தன் மொழிதான் முதலில் காதில் விழும் என்றார். அவர் சொன்னபடியே ஞாபகம் இருக்கிறது.

"தம்பி, பிள்ளையை இறக்கு" என்று கத்தினேன்.

"என்ன?"

"பிள்ளையைக் கீழ இறக்கு. படுக்க விடு."

"உனக்கு விசரே? சேத்துக்குள்ளயோ?"

"இறக்கடா. இறக்காட்டி ரெண்டு பேரும் சேத்துக்குள்ள தாண்டு போவியள்."

"நீ சும்மா கத்தாதை அக்கா, பிள்ளை பயப்பிடுது. நான் காலை எடுத்திடுவன்."

அவன் வலக்காலை இழுத்தான். இழுத்த இழுவையில் இடக்கால் தொடை மட்டும் போனது. பிள்ளை அவனுடைய தலைமயிரைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். நான் மீண்டும் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். சாவு என்றேன், அம்மா மேல் ஆணை என்றேன், கடல் திரும்பிவிட்டது என்றேன். கடல் இன்னும் திரும்பவில்லை. அதற்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவன் பிள்ளையின் காலை இன்னும் இறுக்கிப் பிடித்தான். குழி வந்தால் பிள்ளை தோளில். அவனுடைய உடம்புக்குத் தெரிந்த ஒரே சட்டம் அது. அதை உடைக்க என் சொல்லுக்கு வலு இருக்கவில்லை.

இதற்குள் வழிகாட்டி தடியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வயிற்றில் படுத்து முன்னுக்குப் போயிருந்தார். கயிற்றின் மறுமுனை என் கணவரின் இடுப்பில். அந்த மனிதர் பாதித் தூரத்தில் தலையை உயர்த்தி, கத்தாமல், கடையில் சாமான் கேட்கிற குரலில், ஜேர்மன் மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னார். இறக்கு என்று அர்த்தம்.

தம்பி இறக்கினான். உடனே. கேள்வி கேட்கவில்லை. பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கித் தனக்கு முன்னால் சேற்றின் மேல் படுக்கவைத்தான். அவள் பல்லி மாதிரி கையும் காலும் விரித்துத் தவழ்ந்து வழிகாட்டியின் தடியைப் பிடித்தாள். அவர் அவளைத் தன் முதுகுப் பக்கமாகத் தள்ளி, கயிறு வழியே என்னிடம் தவழவிட்டார். சேற்றுப் பிள்ளையை அள்ளி எடுத்தபோது என் உயிர் போய் உயிர் வந்தது.

தம்பியை எடுக்கக் கால் மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. பின்பக்கமாகச் சாய்ந்து இரு, காலை ஆட்டி ஆட்டி மெதுவாக எடு என்று வழிகாட்டி சொல்லச் சொல்ல அவன் அப்படியே செய்தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு சப்பாத்து உள்ளேயே போய்விட்டது. அவன் மணலில் வந்து விழுந்ததும் எங்கள் சனம் ஓடிப்போய்த் தூக்கியது. ஒரு அக்கா தன் சால்வையால் அவன் முகத்தைத் துடைத்தாள். வழிகாட்டி வயர்லெஸ்ஸில் இனி ஆள் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, நடவுங்கள், நடவுங்கள் என்று எல்லாரையும் விரட்டினார். கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் நின்ற இடத்துக்கு இந்தப் பக்கமாக ஒரு வாய்க்காலில் தண்ணீர் மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது.

அணைக்கட்டின் புல்லில் இருத்தி இருவருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தோம். எனக்கு அப்போதுதான் ஆத்திரம் வந்தது.

"துண்டு கண்டனியோ?" என்று கேட்டேன்.

"கண்டன்."

"வாசிச்சனியோ?"

"வாசிச்சன் அக்கா. பிள்ளைக்கும் வாசிச்சுக் காட்டினன்."

"பிறகு ஏன்டா இறங்கினனி?"

அவன் விரலிடுக்கில் இருந்த சேற்றைப் புல்லில் துடைத்தான்.

"சரி, அதை விடு. பிள்ளையை இறக்கு எண்டு நான் எத்தினை தரம் கத்தினனான்? பத்துத் தரம் கத்தியிருப்பன். அந்த மனுசன் ஒருக்காச் சொன்ன உடனை இறக்கினாய். நான் சொல்லேக்கை ஏன் இறக்கேல்லை?"

சண்டை பிடிப்பான் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவன் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பார்ப்பது போன்ற பார்வை.

"நீ எதையும் கொஞ்சம் கூட்டித்தானே அக்கா சொல்லுறனி" என்றான். "எது மெய், எது கூட்டினது எண்டு எனக்கு என்னண்டு தெரியும்?"

எழுந்து, ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டிக்கொண்டு தன் வாகனத்துக்கு மாற்று உடுப்பு எடுக்கப் போனான். அவன் சொன்னதில் கோபம் இருக்கவில்லை, குத்தல் இருக்கவில்லை. அவனுக்கு அது எப்போதோ தெரிந்த சாதாரண விஷயம்.

வழிகாட்டி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். உங்கள் சகோதரர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

உங்களுக்கு நன்றி சொல்கிறான் என்றேன் ஜேர்மன் மொழியில்.

பிள்ளை என் மடியில் போர்வைக்குள் இருந்தாள். அவளுக்கு இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும். தேத்தண்ணீர்க் கோப்பையிலிருந்து முகத்தை எடுத்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.